21ஆம் குரோமோசோமின் மூன்றாம் படி: மடவார் வளாகப் பகுதியை முன்வைத்து டவுன் கூட்டறிகுறி – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மனித உயிரணுவில் 21ஆம் குரோமோசோம் இரண்டு படிகளுக்குப் பதிலாக மூன்று படிகளாக அமைவதால் தோன்றும் பிறவிநிலை டவுன் கூட்டறிகுறி ஆகும். இந்நிலை எவ்வாறு உண்டாகிறது, தாயின் வயதிற்கும் உறவுமுறைத் திருமணத்திற்கும் இதனோடு உள்ள தொடர்பு எத்தகையது, பிறந்த குழந்தைக்கு முதல் ஆண்டில் எவ்வெப் பரிசோதனைகள் தேவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டத்தின் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில் வாழும் குடும்பங்களுக்கு எட்டக்கூடிய அரசுத் திட்டங்களையும் சட்ட உரிமைகளையும் சுட்டுகிறது. குழந்தையின் வளர்ச்சிப் படிநிலைகளை விளக்கப் பிள்ளைத்தமிழ்ப் பருவப் பகுப்புத் துணையாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: டவுன் கூட்டறிகுறி, குரோமோசோம், பிரியாநிலை, உறவுமுறைத் திருமணம், பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள், அறிவுசார் குறைபாடு, மடவார் வளாகம்.

முன்னுரை

திருவில்லிபுத்தூரின் மடவார் வளாகத்தில் கோயில் கொண்டுள்ள சிவபெருமானுக்கு வைத்தியநாதர் என்பது பெயர். மகப்பேற்று வேளையில் தாய் உடன் இல்லாமல் தவித்த ஒரு பெண்ணுக்கு இறைவனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது இத்தலத்தைப் பற்றி வழங்கும் செய்தி. திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுநோய் இங்குத் தீர்ந்தது என்றும் கூறுவர். மருத்துவனாகவும் மருத்துவச்சியாகவும் இறைவனை எண்ணிப் பார்த்த ஊர் இது. கருவுற்ற பெண்கள் நலமாகப் பிள்ளை பெற வேண்டி இங்கு வந்து வழிபடுதல் இன்றும் வழக்கில் உள்ளது.

வேண்டுதலோடு பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிய மருத்துவர், அதன் கண்ணையும் கழுத்தையும் உள்ளங்கையையும் இரண்டாம் முறை உற்று நோக்குகிறார். பின்னர்ப் பெற்றோரிடம் ஒரு பெயரைச் சொல்கிறார். அப்பெயரைப் பெரும்பாலான பெற்றோர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கின்றனர். அதன்பின் வீட்டில் எழும் முதல் வினா பெரும்பாலும், ‘இது யாரால் வந்தது?’ என்பதே. அவ்வினாவிற்கு அறிவியல் தரும் விடையும் ஊர் தரும் விடையும் வேறு வேறாக உள்ளன. இவ்வேறுபாட்டின் சுமை தாயின் மீதே விழுகிறது. அறிவியல் தரும் விடையை இயன்றவரை தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பற்றிய சிக்கல்

இந்நிலையைக் குறிக்கத் தமிழில் டவுன் நோய், டவுன் நோய்த்தொகை, டவுன் கூட்டறிகுறி, டவுன் சிண்ட்ரோம் எனப் பல வழக்குகள் உள்ளன. இலங்கைத் தமிழர் குரோமோசோமை நிறமூர்த்தம் என்பர். இவற்றுள் ‘நோய்’ என்னும் சொல் பொருந்துவதாகத் தோன்றவில்லை. நோய் எனில் வருவது, தொற்றுவது, தீர்வது அல்லது தீராதது என்ற எண்ணங்கள் உடன் வருகின்றன. இது அவ்வாறன்று. கரு உருவாகும்போதே உடலின் கட்டுமானக் குறிப்பில் அமைந்துவிட்ட ஒரு வேறுபாடு. ஆகவே பல அறிகுறிகள் ஒருங்கே அமைவதைக் குறிக்கும் கூட்டறிகுறி என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

பழந்தமிழில் பிறவிக் குறைகளைத் தொகுத்துக் கூறும் மரபு உண்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றின் 28ஆம் பாடல், பார்வையின்மை, கூன், பேச்சின்மை, செவித்திறனின்மை முதலியவற்றோடு ‘மருள்’ என்பதையும் எண்வகை எச்சங்களுள் ஒன்றாக வைக்கிறது. உடற்குறையையும் அறிவு மயக்கத்தையும் வேறுபடுத்தி அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. ஆனால் அத்தொகுப்பில் குறையின் பெயர் மட்டுமே உண்டு, காரணம் ஆராயப்படவில்லை.

மேலைநாட்டிலும் பெயர் வரலாறு பெருமைப்படத்தக்கதாக இல்லை. இங்கிலாந்தின் ஏர்ள்சுவுட் காப்பகத்தில் மருத்துவராக இருந்த சான் லாங்டன் டவுன் 1866இல் இந்நிலையைத் தெளிவாக விவரித்தார். ஆனால் முகத்தோற்றத்தை மட்டும் கொண்டு அதற்கு ஓர் இனத்தின் பெயரை இட்டார். ‘மங்கோலியர்’ என்ற அப்பெயர் நூறாண்டுக் காலம் மருத்துவ நூல்களில் நிலைத்தது. 1961இல் மரபியல் அறிஞர் சிலர் கூடி இப்பெயரைக் கைவிடுமாறு வேண்டினர். 1965இல் மங்கோலிய நாடே உலக நலவாழ்வு அமைப்பிடம் முறையிட்டது. அதன் பின்னரே அது மெல்ல மறைந்தது. தமிழகத்தில் இன்னும் சில பழைய பாடநூல்களைப் புரட்டுவோர் அச்சொல்லைக் காண நேரலாம்.

கண்டறிந்த வரலாறு

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பதே 1956இல்தான் உறுதியாயிற்று. சோவும் லெவானும் அதனை நிறுவினர். அதற்கு முன் 48 என்று நம்பப்பட்டது. எண்ணிக்கை உறுதியானதும், எண்ணிக்கை மாறியவர்களைத் தேடுவது இயலும் செயலாயிற்று. 1959ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரீசைச் சேர்ந்த செரோம் லெசூன், மார்த்தே கோத்தியே, ரெமோன் துர்பேன் ஆகியோர் டவுன் கூட்டறிகுறி உடைய குழந்தைகளிடம் 47 குரோமோசோம்கள் இருப்பதை வெளியிட்டனர்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் கடத்தல் முறையன்று. உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்துக் கூடுதல் குரோமோசோமைக் காணச் செய்த உழைப்பு கோத்தியே என்னும் பெண்மணியுடையது. கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவதாக, அதுவும் பிழையாக அச்சாயிற்று. புகழ் முழுவதும் லெசூனைச் சேர்ந்தது. 2014இல் பிரெஞ்சு நாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அறநெறிக் குழு கோத்தியேயின் பங்கு இன்றியமையாதது என ஏற்றபோது அவர் முதுமையின் எல்லையில் இருந்தார்.

கருமுட்டையில் நிகழ்வது

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் 23 இணைகளாக உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய்வழி வந்தது. மற்றொன்று தந்தைவழி வந்தது. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இணைகள் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 23 மட்டுமே செல்லவேண்டும். இவ்வாறு எண்ணிக்கை பாதியாகும் முறையைக் குன்றல் பகுப்பு என்பர். 23உம் 23உம் சேர்ந்து மீண்டும் 46 ஆகும்.

சில வேளைகளில் 21ஆம் இணை பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் சென்றுவிடுகின்றன. இதுவே பிரியாநிலை. அம்முட்டை 24 குரோமோசோம்களோடு இருக்கிறது. விந்தணு தரும் 23உடன் சேரும்போது 47 ஆகிறது. அக்கருவிலிருந்து தோன்றும் ஒவ்வோர் உயிரணுவும் 21ஆம் குரோமோசோமின் மூன்று படிகளைத் தாங்குகிறது. டவுன் கூட்டறிகுறி உடையோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இவ்வகையினர்.

இப்பிரியாநிலையில் பத்தில் ஒன்பது கருமுட்டையிலேயே நிகழ்கிறது. இதனைக் கேட்டவுடன் ‘அப்படியானால் தாயின் குறைதானே’ என்று சொல்வோர் உளர். கருமுட்டை உருவாகும் காலத்தை அறிந்தால் அவ்வாறு சொல்ல இயலாது. ஆணின் விந்தணு பருவமடைந்தபின் நாள்தோறும் புதிதாக உண்டாகிறது. பெண்ணின் கருமுட்டைகளோ அவள் தன் தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோதே குன்றல் பகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. தொடங்கிய பகுப்பு நடுவழியில் நின்று, பதினைந்து, இருபது, நாற்பது ஆண்டுகள் காத்திருக்கிறது. மாதந்தோறும் ஒரு முட்டை முதிரும்போதுதான் நின்ற பகுப்பு தொடர்கிறது. இத்தனை ஆண்டுகளும் இணைக் குரோமோசோம்களைப் பிணைத்து வைத்திருக்கும் புரதப் பிணைப்புகள் காலப்போக்கில் தளர்கின்றன. தளர்ந்த பிணைப்பினால் பிரிவு சீராக நிகழாமற் போகலாம். தாயின் வயது கூடும்போது வாய்ப்பு கூடுவதன் காரணம் இதுவே எனக் கருதப்படுகிறது.

எனவே, கருவுற்றபின் தாய் உண்ட உணவு, பப்பாளி, செய்த வேலை, வழுக்கி விழுந்தமை, கிரகணத்தன்று வெளியே வந்தமை ஆகிய எவையும் இதற்குக் காரணமாகா. நூற்பாலையில் இரவுப் பணி பார்த்ததும் காரணமன்று. பெரும்பாலும் கரு உருவாகுமுன்னரே நிகழ்வு முடிந்துவிடுகிறது. எந்தத் தாயும் தெரிந்து செய்யவோ தடுக்கவோ இயலாத நிகழ்வு இது.

எஞ்சியோரில் 3 முதல் 4 விழுக்காட்டினரிடம் 21ஆம் குரோமோசோமின் பெரும்பகுதி 14ஆம் குரோமோசோம் போன்ற வேறொன்றுடன் ஒட்டியிருக்கும். இதனை இடமாற்ற வகை என்பர். மொத்த எண்ணிக்கை 46 என்றே தோன்றும்; ஆனால் 21ஆம் குரோமோசோமின் மரபுப் பொருள் மூன்று மடங்காக இருக்கும். 1 முதல் 2 விழுக்காட்டினரிடம் சில உயிரணுக்கள் 46உம் சில 47உமாகக் கலந்திருக்கும். இது மொசைக் வகை எனப்படும்.

வகையை அறிவது வெறும் அறிவார்வத்திற்காக அன்று. முதல் வகையில் அடுத்த குழந்தைக்கும் இந்நிலை வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100இல் 1. தாயின் வயது கூடுதலாயின் வயதுக்குரிய வாய்ப்பே கணக்கில் கொள்ளப்படும். இடமாற்ற வகையிலோ பெற்றோருள் ஒருவர் 45 குரோமோசோம்களோடு, எவ்விதக் குறையுமின்றி, அந்த ஒட்டிய குரோமோசோமைத் தாங்குபவராக இருக்கலாம். தாய் தாங்குபவராயின் அடுத்த பேற்றில் வாய்ப்பு 10 முதல் 15 விழுக்காடு வரை செல்லும். தந்தையாயின் மிகக் குறைவு. ஆகவே குழந்தைக்குக் கேரியோடைப் எனப்படும் குரோமோசோம் வரைபடச் சோதனை செய்தல் வேண்டும். சிறிதளவு குருதியே போதுமானது. முடிவு சில வாரங்களில் கிடைக்கும். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, சோதனை எதற்கு என்று சிலர் தவிர்த்துவிடுகின்றனர். முகம் வகையைச் சொல்லாது.

வயதும் உறவுமுறைத் திருமணமும்

தாயின் வயது 25இல் 1,250 பிறப்புக்கு ஒன்று. 35இல் ஏறத்தாழ 350க்கு ஒன்று. 40இல் 100க்கு ஒன்று. 45இல் 30க்கு ஒன்று. இவ்வெண்களைப் பார்த்ததும் இந்நிலை வயது முதிர்ந்த தாய்மார்க்கே உரியது என்ற எண்ணம் உண்டாகிறது. நடைமுறை வேறு. தமிழகத்தில் பெரும்பாலான குழந்தைகள் முப்பது வயதிற்குட்பட்ட தாய்மாருக்கே பிறக்கின்றன. கணக்கிற்காக ஒன்று கொள்வோம்: 25 வயதுத் தாய்மாருக்கு 10,000 குழந்தைகளும் 40 வயதுத் தாய்மாருக்கு 200 குழந்தைகளும் பிறந்தால், முன்னவர்களிடம் 8 குழந்தைகளும் பின்னவர்களிடம் 2 குழந்தைகளும் இந்நிலையோடு பிறப்பர். எனவே ‘இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு எப்படி?’ என்ற வியப்பிற்கு இடமில்லை.

அடுத்தது உறவுமுறைத் திருமணம். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என மணம் கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் மிகுதி. 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை இரத்த உறவுக்குள் நிகழ்ந்தவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுந்தர் ராவ், இன்பராஜ் ஆகியோர் 1970களிலேயே இவ்வழக்கத்தின் விளைவுகளைத் தமிழகத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஒரே மூதாதையரிடமிருந்து ஒரே குறைபாட்டு மரபணு இருவழியிலும் வந்து சேரும்போது, ஒடுங்கு பண்பாக மறைந்திருந்த நோய்கள் வெளிப்படும். செவித்திறனின்மையின் சில வகைகளும் வளர்சிதை மாற்றக் கோளாறுகள் பலவும் இத்தகையன.

டவுன் கூட்டறிகுறி அவ்வகையைச் சார்ந்ததன்று. பிரியாநிலை என்பது குரோமோசோம்களின் இயக்கத்தில் நேரும் தவறு. மரபணுவின் ஒடுங்கு பண்பு அன்று. உறவுக்குள் மணந்தவரும் உறவல்லாதாரை மணந்தவரும் இதில் ஒரே நிலையினர். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று கூறிப் பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பிணங்குவதற்கு அறிவியலில் இடமில்லை. உறவுமுறைத் திருமணத்தைத் தவிர்க்க வேறு நல்ல காரணங்கள் உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று.

பிறந்த குழந்தையை அறிதல்

உலக அளவில் ஏறத்தாழ 800 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்நிலையோடு பிறக்கிறது. குழந்தையின் தசைகள் தளர்ந்திருக்கும். தூக்கினால் கைகளுக்குள் துவளும். முகம் சற்றுத் தட்டையாகவும், கண்களின் வெளிமுனை மேல்நோக்கியும், கண்ணின் உள்முனையில் மெல்லிய தோல்மடிப்போடும் இருக்கும். காது சிறிதாகவும், பிடரித்தோல் தளர்வாகவும், காற்பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே அகன்ற இடைவெளியோடும் இருக்கலாம். ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளின் உள்ளங்கையில் ஒற்றை ரேகை குறுக்காக ஓடும். இவ்வொற்றை ரேகை எக்குறையும் இல்லாத பலரிடமும் காணப்படுவது. கைரேகை பார்ப்போர் அதற்குக் கூறும் பலன்கள் வேறு. ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் கூடாது.

இவ்விடத்தில் மருத்துவத்துறை வலியுறுத்தும் செய்தி ஒன்று உண்டு. இக்குழந்தைகளில் 40 முதல் 50 விழுக்காட்டினருக்குப் பிறவி இதயக் குறைபாடு உள்ளது. இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடைப்பட்ட சுவரின் நடுப்பகுதி முழுமையாக உருவாகாமல், நான்கு அறைகளும் கலந்து நிற்கும் குறைபாடு இவர்களிடம் சிறப்பாகக் காணப்படுகிறது. பிறந்த சில நாட்களில் நுரையீரலின் குருதியழுத்தம் இயல்பாகவே உயர்ந்திருப்பதால், மருத்துவரின் காதுக்கருவியில் எந்த ஒலியும் கேளாமற் போகலாம். குழந்தையும் நலமாகவே தோன்றும். சில வாரங்களில் அழுத்தம் இறங்கும்போது நுரையீரலுக்குள் குருதி பெருகும். குழந்தை பால் குடிக்கும்போது வியர்க்கும், மூச்சிரைக்கும், எடை ஏறாது.

இதற்கும் மேலான இடர் அடுத்த கட்டத்தில் உள்ளது. மாதங்கள் செல்லச் செல்ல நுரையீரலின் குழாய்கள் தடித்து அழுத்தம் நிலையாக உயர்கிறது. அப்போது மூச்சிரைப்புக் குறையும். ‘பிள்ளை தேறிவிட்டது’ என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில் அறுவை மருத்துவத்திற்குரிய காலம் நழுவிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் அறுவை மருத்துவம் செய்யப்பட வேண்டும் என்பது இதனால்தான். குழாய்கள் முற்றிலும் தடித்தபின் துளையை மூடுவதே உயிருக்கு ஊறாகும். ஆகவே டவுன் கூட்டறிகுறி என ஐயம் எழுந்த எல்லாக் குழந்தைக்கும், இதய ஒலி சீராக இருப்பினும், பிறந்த சில வாரங்களுக்குள் இதய எக்கோ பரிசோதனை செய்தல் கட்டாயம். அது வலியில்லாதது; ஊசியில்லாதது. மடவார் வளாகத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அப்பயணத்தை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்கத் தோன்றும் போதெல்லாம் இவ்வாறு மாதக் கணக்கு உண்டென்பதை நினைவிற்கொள்ளல் நன்று. தமிழக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை மருத்துவம் அடங்கும்.

தைராய்டுச் சுரப்புக் குறைவு இவர்களிடம் மிகுதி. அது வளர்ச்சியை மேலும் மந்தமாக்கும். ஆனால் ஒரு மாத்திரையால் சரிசெய்யத்தக்கது. பிறந்தபோதும், ஆறாம் மாதத்திலும், முதலாண்டு நிறைவிலும், அதன்பின் ஆண்டுதோறும் குருதிச் சோதனை வேண்டும். நடுக்காதில் நீர் தங்குவதால் செவித்திறன் குறைவது பொதுவானது. கண்புரை, குடலடைப்பு, உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியன சிலரிடம் காணப்படும். குழந்தைப் பருவ இரத்தப் புற்றுநோய் பிறரினும் 10 முதல் 20 மடங்கு மிகுதி; ஆயினும் மொத்தத்தில் மிகச் சிலருக்கே அது வருகிறது.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் வளர்ச்சிப் படிநிலைகளும்

பெரியாழ்வார் பிறந்த மண் திருவில்லிபுத்தூர். கண்ணனைக் குழந்தையாகப் பாடிய அவருடைய பாசுரங்களே பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகைக்கு முன்னோடி என்பது அறிஞர் கருத்து. காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாகப் பகுத்து, மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்களில் அமைப்பது பாட்டியல் மரபு. ஐந்தாம் திங்களில் செங்கீரை: குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசைதல். ஏழில் தால்: நாவசைத்தல். ஒன்பதில் சப்பாணி: இரு கை சேர்த்துக் கொட்டல். பதின்மூன்றில் வருகை: தளர்நடையிட்டு வருதல். இக்காலக் குழந்தை மருத்துவர் கையிலுள்ள வளர்ச்சி அட்டவணையோடு இதனை ஒப்பிட்டால், இரண்டும் நெருங்கி வருவதைக் காணலாம். நம் முன்னோர் குழந்தையை அருகிருந்து கண்டு எழுதியுள்ளனர்.

டவுன் கூட்டறிகுறி உடைய குழந்தையும் இப்பருவங்களை இதே வரிசையில் கடக்கிறது. ஆனால் காலம் நீள்கிறது. துணையின்றி உட்காருதல் சராசரியாகப் பதினோராம் மாதத்தில் அமையும். சிலர் ஆறாம் மாதத்திலும் சிலர் இரண்டரை வயதிலும் உட்காருவர். நடத்தல் சராசரியாக இரண்டாம் வயதில். ஒரு வயது முதல் நான்கு வயது வரை வேறுபடும். முதற்சொல் ஒன்று முதல் மூன்று வயதிற்குள். பதின்மூன்றாம் திங்களில் வரவேண்டிய வருகைப் பருவம் இருபத்து நான்காம் திங்களில் வருகிறது என்று கொண்டால் நிலைமை தாய்மார்க்கு எளிதில் விளங்கும்.

தால் பருவம் தனியே கருதத்தக்கது. தால் என்பது நா. இக்குழந்தைகளின் நாத்தசை தளர்ந்தும் வாயறை சிறுத்தும் இருப்பதால் பால் உறிஞ்சுதலும் பின்னர்ப் பேசுதலும் தடைப்படுகின்றன. தாய்ப்பால் அருந்த நேரம் கூடுதலாகும். பொறுமையோடு பயிற்றினால் பெரும்பாலோர் அருந்துவர். பேச்சில், புரிந்துகொள்ளும் திறன் வெளிப்படுத்தும் திறனைவிட எப்போதும் முன்னே நிற்கிறது. சொல்ல இயலாததைக் கொண்டு புரியவில்லை என்று முடிவுகட்டுதல் பெருந்தவறு. சொல்லோடு கைச்சைகையையும் சேர்த்துக் காட்டினால் குழந்தை முதலில் சைகையைப் பற்றிக்கொண்டு, பின்னர்ச் சொல்லுக்கு வரும். சைகை பழகினால் பேச்சு வராது என்ற அச்சம் ஆதாரமற்றது. கேட்டுக் கற்பதினும் கண்டு கற்பதில் இவர்கள் வல்லவர். எனவே படங்களும் அச்சிட்ட சொல்லட்டைகளும் நல்ல பயன் தரும்.

மடவார் என்னும் ஊர்ப்பெயரின் முதலுறுப்பான ‘மடம்’ என்பதற்கு உரையாசிரியர் தரும் பொருள் இங்கு நினைவிற்கு வருகிறது. கற்பித்ததை ஏற்று, ஏற்றதை நழுவவிடாது பற்றி நிற்றல் என்பது அதன் கருத்து. மடமை என்ற பிற்கால வழக்கோடு இதனைக் குழப்பிக்கொள்கிறோம். இக்குழந்தைகளோடு பழகிய ஆசிரியர் எவரும் முதற்பொருளையே ஏற்பர்: கற்க நேரமாகும், கற்றது எளிதில் நழுவாது.

சட்டமும் திட்டங்களும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்றுள்ளது. டவுன் கூட்டறிகுறி உடையோர் பொதுவாக அறிவுசார் குறைபாடு என்னும் பிரிவின்கீழ்ச் சான்று பெறுகின்றனர். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் 30 வகை நிலைகளைக் கண்டறிவதாகும். அவற்றுள் டவுன் கூட்டறிகுறியும் பெயர்சுட்டிச் சேர்க்கப்பட்டுள்ளது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வரவேண்டும். அக்குழு கண்டறிந்த குழந்தைகளை மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்பும். இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, செவிச் சோதனை ஆகியவை அங்கு ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது திட்டத்தின் அமைப்பு. விருதுநகரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதால், இவ்வட்டாரத்தார்க்கு எல்லாவற்றிற்கும் மதுரையை நோக்கும் நிலை ஓரளவு குறையக்கூடும். சென்னை அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை இயலாமையோர்க்கான தேசிய நிறுவனம் பெற்றோர்க்கும் பயிற்சி அளிக்கிறது.

அரசு வருமுன்னரே பெற்றோர் முனைந்தனர் என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். தம் மகள் இந்நிலையோடு பிறந்ததை அடுத்துச் சென்னையில் சுரேகா இராமச்சந்திரன் 1984இல் தொடங்கிய சங்கமே பின்னர் இந்திய டவுன் கூட்டறிகுறிக் கூட்டமைப்பாக வளர்ந்தது. 2015 ஆகத்தில் உலக மாநாடு சென்னையிலேயே கூடியது. மூன்று படிகளான 21ஆம் குரோமோசோமைக் குறிக்க மார்ச் 21ஆம் நாளை 2012 முதல் ஐக்கிய நாடுகள் அவை உலக நாளாகக் கடைப்பிடிக்கிறது.

கருவிலேயே அறியும் சோதனைகளும் உண்டு. 11 முதல் 13 வாரங்களில் செய்யும் அலகிடலும் குருதிச் சோதனையும், 2011 முதல் வழக்கில் வந்துள்ள தாயின் குருதியிலுள்ள கரு மரபுப் பொருட் சோதனையும் வாய்ப்பை மட்டுமே கணிப்பன. உறுதிசெய்யப் பனிக்குட நீர்ச் சோதனை முதலியவை வேண்டும். கணிப்பையும் உறுதியையும் ஒன்றாகக் கருதி முடிவெடுத்த குடும்பங்கள் உள. 1994ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் அறிதலைத் தடுக்கிறது. குரோமோசோம் சோதனையை நெறிமுறைகளோடு ஏற்கிறது. கருவைத் தொடர்வதா என்ற முடிவு அக்குடும்பத்திற்குரியது. ஆனால் அம்முடிவுக்கு முன் அவர்களிடம் சொல்லப்படும் செய்தியில் குறைகளின் பட்டியல் மட்டும் இருப்பது நேர்மையாகாது. இந்நிலையோடு பள்ளி சென்று, தொழில் பழகி வாழ்வோரைப் பற்றியும் சொல்லப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பதினெட்டு வயதிற்குப் பின்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவர்களின் சராசரி வாழ்நாள் 25 ஆண்டுகள்; இன்று 60 ஆண்டுகள். இதய அறுவை மருத்துவமும், காப்பகங்களில் அடைத்துவைக்கும் வழக்கம் ஒழிந்தமையுமே இதற்குப் பெருங்காரணம். இங்கும் குழந்தைகள் வளர்ந்து நடுவயதை எட்டுகின்றனர். ஆகவே பெற்றோருக்குப் பின் யார் என்ற வினா எழுகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்தவர்க்குச் சட்டப்படியான பாதுகாவலரை அமர்த்தும் உரிமை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிற்கு உண்டு. பெற்றோரும் உறவினரும் விண்ணப்பிக்கலாம். இதற்கு நீதிமன்றம் செல்லவேண்டியதில்லை. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பெற்றோர் இருவரும் நலமாக இருக்கும்போதே இவ்விரண்டையும் முடித்துவைப்போர் மிகக் குறைவு.

நாற்பது வயதிற்குப் பின் மறதிநோய் பற்றிய கவலை வருகிறது. ஆல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்திற்குரிய மரபணு 21ஆம் குரோமோசோமிலேயே உள்ளது. மூன்று படிகள் இருப்பதால் அப்புரதம் மிகுதியாகச் சுரக்கிறது. ஐம்பதுகளில் பலருக்கு அறிகுறி தோன்றும். ஆயினும் நேற்றுவரை தானே குளித்து உடுத்தி, வைத்தியநாதர் கோயில் வரை நடந்து சென்றுவந்த ஒருவர் திடீரென்று சோர்ந்து, பேச்சுக் குறைந்து, பழகிய வேலைகளை மறந்தால், முதலில் பார்க்கவேண்டியது மறதிநோயை அன்று. தைராய்டு, செவி, கண், உறக்க மூச்சுத்தடை, அண்மையில் வீட்டில் நேர்ந்த இழப்பின் துயரம் ஆகிய ஐந்தையும் ஆராய்ந்தபின்னரே அம்முடிவுக்கு வருதல் வேண்டும். இவற்றுள் முதல் நான்கும் விருதுநகர் மாவட்டத்திற்குள்ளேயே தொடக்கநிலையில் சோதித்தறியத்தக்கவை.